ஃப்யூல் பிரஷர் ஏத்தணுமா, இன்ஜெக்டர் மாத்தணுமா? சம்பளக்காரங்க பர்ஸ் சொல்ற பதில்

எஸ்.ஐ.பி., டேக்ஸ், இன்சூரன்ஸ்னு பேசுற இடத்துல இன்ஜெக்டருக்கு என்ன வேலைன்னு கேட்கலாம். வேலை இருக்கு. முதல் சம்பளம், முதல் கார், அதுக்கு அடுத்த பெரிய செலவு நிறைய பேருக்கு அந்தக் காரை மாடிஃபை பண்றதுலதான் போகுது. ஜி.பி. ரோடு பக்கம் போய் விசாரிச்சா ரெண்டு வழி காதுல விழும். ரெகுலேட்டர் மாத்தி ஃப்யூல் பிரஷரை ஏத்தலாம், செலவு கம்மி. பெரிய இன்ஜெக்டர் போடலாம், செலவு கூட.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பிரஷர் ஏத்துறது மலிவா தெரியக் காரணம், பில்லோட பாதி பின்னாடி வர்றதுதான். நிஜமாவே பவர் வேணும்னா இன்ஜெக்டர், பம்ப், டியூனிங் மூணுக்கும் சேர்த்து கையில காசு வச்சுக்கிட்டு இறங்குங்க. அது இல்லன்னா வண்டியை கம்பெனி செட்டிங்லயே விடுங்க.

ரெண்டும் என்ன செய்யுது?

டர்போ கிட் போட்டா இன்ஜினுக்குள்ள போற காத்து கூடும். காத்து கூடினா அதுக்கேத்த பெட்ரோலும் வேணும். இன்ஜெக்டர்ங்கிறது இ.சி.யூ. சொல்ற நேரத்துக்கு மட்டும் திறந்து மூடுற சின்னக் குழாய். திறந்திருக்கிற நேரம் 80–85 சதவீதத்தைத் தாண்டிட்டா, அதுக்கு மேல நம்பி ஓட்ட முடியாது. அப்போ ஒண்ணு, குழாய்க்குப் பின்னாடி அழுத்தத்தைக் கூட்டணும். இல்ல, பெரிய குழாய் போடணும். அபார்ட்மெண்ட்ல மேல் மாடிக்குத் தண்ணி பத்தலைன்னா பிரஷர் பம்ப் வைக்கிறதா, பைப்பை மாத்துறதான்னு அசோசியேஷன் மீட்டிங்ல நடக்கிற அதே சண்டைதான்.

கணக்கு என்ன சொல்லுது?

பிரஷரை ரெண்டு மடங்காக்கினா பெட்ரோல் ரெண்டு மடங்கு வராது. இது வர்க்கமூலக் கணக்கு. உங்க இன்ஜெக்டர் 3 பார் அழுத்தத்துல நிமிஷத்துக்கு 240 சி.சி. விடுதுன்னு வச்சுக்கோங்க.

- 4 பார்: 277 சி.சி. (சுமார் 15 சதவீதம் கூட)
- 5 பார்: 310 சி.சி. (சுமார் 29 சதவீதம் கூட)
- 6 பார்: 339 சி.சி. (சுமார் 41 சதவீதம் கூட)

முதல் ஒரு பாருக்கு 37 சி.சி. கிடைச்சுது. மூணாவது பாருக்கு 29தான். வரவு குறைஞ்சுக்கிட்டே போகுது, பம்ப்போட பாடு மட்டும் ஏறிக்கிட்டே போகுது. பிரஷர் கூடக் கூட பம்ப் தள்ளுற அளவு குறையும், கரண்ட் அதிகமா இழுக்கும், சூடாகும். ரொம்ப ஏத்தினா சாதாரண இன்ஜெக்டர் அந்த அழுத்தத்தை எதிர்த்துத் திறக்கவே திணறும்.

இன்னொரு விஷயம். இப்போ பல கார்கள்ல ரெகுலேட்டர் டேங்க்குக்குள்ளேயே பம்ப்போட சேர்ந்து இருக்கு, பிரஷர் ஒரே அளவுல நிக்கும். அந்த வண்டியில டர்போ கிட் போட்டு 0.5 பார் பூஸ்ட் வந்தா, அது இன்ஜெக்டர் முனையை எதிர்த்துத் தள்ளும். 3 பார் நடைமுறையில 2.5 பார் ஆகிடும். பெட்ரோல் அதிகமா வேணும்ங்கிற நேரத்துல சுமார் 9 சதவீதம் குறையுது! இதைச் சரி பண்ண வெளியில தனி ரெகுலேட்டர், ரிட்டர்ன் லைன்னு புதுசா இழுக்கணும். ஒரு ஜாயிண்ட் லூசானாலும் சூடான இன்ஜின் மேல பெட்ரோல்.

இதோட இ20. நம்ம பங்க்ல இப்போ கிடைக்கிறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு கிலோ பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோ காத்து வேணும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதாவது அதே காத்துக்கு இன்ஜெக்டர் அதிகமா விடணும். மிச்சம் இருக்குன்னு நீங்க நினைச்ச இடத்துல கொஞ்சம் ஏற்கனவே போயாச்சு.

பெட்ரோல் பத்தலைன்னா கலவை லீன் ஆகும். இன்ஜின் தட்டும், வெப்பம் ஏறும், கடைசியில பிஸ்டன் உருகும். மே மாச வெயில்ல ஓ.எம்.ஆர்.ல ஒரு தடவை ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சாலே போதும்.

பிரஷர் வழி எப்பவுமே தப்பா?

இல்லை. 10 சதவீதம் மாதிரி சின்னப் பற்றாக்குறை, பம்ப்புக்கு இன்னும் தெம்பு இருக்கு, புது பிரஷருக்கு ஏத்த மாதிரி இ.சி.யூ.வையும் டியூன் பண்றாங்கன்னா அது நியாயமான வழிதான். பெட்ரோல் பொடியா தெளிக்கிறது கூட நல்லாவே இருக்கும். பெரிய இன்ஜெக்டருக்கும் குறை உண்டு. டியூனிங் சரியில்லன்னா ஐடிலிங்ல வண்டி உதறும், மைலேஜ் விழும்.

டீசல் கார் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. செகண்ட் ஹேண்ட்ல டீசல் ஸ்விஃப்ட் வாங்கி டியூனிங் பாக்ஸ் மாட்டுறவங்க இருக்காங்க. அந்த மாதிரி பாக்ஸ் பலதும் ரெயில் பிரஷர் கம்மியா இருக்குன்னு இ.சி.யூ.கிட்ட பொய் சொல்லி, நிஜப் பிரஷரை ஏத்த வைக்கும். அங்கே அழுத்தமே ஆயிரம் பாருக்கு மேல. ஹை பிரஷர் பம்ப்பும் இன்ஜெக்டரும் போனா, பாக்ஸ் விலை ஞாபகத்துக்கே வராது.

பின்னாடி வர்ற பில்

- வாரண்டி: மாடிஃபை பண்ணின பாகத்தால வந்த பழுதுன்னு சர்வீஸ் சென்டர் சொல்லிட்டா முழுச் செலவும் உங்களோடது.
- இன்சூரன்ஸ்: காம்ப்ரஹென்சிவ் பாலிசி மெக்கானிக்கல் பிரேக்டவுனுக்குக் காசு தராது. மழைக்குப் பயந்து நம்ம ஊர்ல எடுக்கிற இன்ஜின் புரொடெக்ட் முக்கியமா தண்ணி புகுந்தா உதவுறதுக்கு, டியூனிங்ல உருகின பிஸ்டனுக்கு இல்லை.
- சட்டம்: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 படி, ஆர்.சி.ல இருக்கிற விவரம் கம்பெனி கொடுத்ததுக்கு மாறா போற அளவுக்கு வண்டியை மாத்தக் கூடாது. 2019 திருத்தத்துல வந்த 182ஏ(4) படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரை சிறை, அல்லது ரெண்டுமே.
- கடன்: இதுக்கு 1 லட்சம் பெர்சனல் லோன், 14 சதவீத வட்டி, 2 வருஷம்னா இ.எம்.ஐ. சுமார் 4,800 ரூபாய். வட்டி மட்டும் 15,000-க்கு மேல.

கார் லோன் இ.எம்.ஐ. ஓடிக்கிட்டே இருக்கும்போது, கார் மட்டும் ஒர்க்‌ஷாப்ல நின்னா என்ன பண்ணுவீங்க? ஆபீஸுக்கு கேப், வீட்டுக்கு கேப், மேல ரெண்டு இ.எம்.ஐ. 45,000 கையில வாங்குற ஒருத்தருக்கு இது மூணு மாச சேமிப்பைச் சாப்பிட்டுடும்.

அப்போ என்ன செய்யலாம்?

லஸ், மந்தைவெளி, அடையாறுன்னு மெட்ரோ வேலைக்காகத் திருப்பி விட்ட ரோட்டுல 20 கிலோமீட்டர் வேகத்துல போற காருக்கு கூடுதல் பவர் எங்கே பயன்படும்னு முதல்ல கேட்டுக்கோங்க. இருங்காட்டுக்கோட்டை டிராக்ல ஓட்டணும்ங்கிறது ஆசைன்னா, அது நல்ல ஆசை. அதுக்கு லோன் முடிஞ்ச, வாரண்டி முடிஞ்ச ரெண்டாவது வண்டியை வச்சுக்கோங்க. டெய்லி ஆபீஸ் போற வண்டியைத் தொடாதீங்க.

வேலையைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. இப்போ என் இன்ஜெக்டர் எத்தனை சதவீத நேரம் திறந்திருக்கு? புது பிரஷர்ல என் பம்ப் எவ்வளவு தள்ளும்? டைனோவுல ஃபுல் லோடுல காத்து–பெட்ரோல் விகிதத்தை அளந்து ரிப்போர்ட் கொடுப்பீங்களா? மூணுக்கும் நம்பரா பதில் வரலைன்னா கிளம்பி வந்துடுங்க. வந்ததும் அந்த மாசம் ஒதுக்கி வச்ச காசை "கார் ஃபண்ட்"னு தனி ஆர்.டி.ல போடுங்க. முழு வேலைக்கும் பணம் சேர்ந்த அன்னிக்கும் ஆசை அப்படியே இருந்தா, தாராளமா இன்ஜெக்டர் மாத்துங்க.