வேற்றுமை உருபும் ஆங்கில முன்னிடைச்சொல்லும்

நம் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரை ஏடுகளைத் திருத்துங்கால் சிவப்பு மை மிகுதியும் செலவாவது பெரிய சொற்களிலன்று. இன், ஆன், அட், டு, ஃபார், ஆஃப், வித் என்னும் சின்னஞ்சிறு சொற்களிலேயாம். பெயர்ச்சொல்லுக்கு முன்னே நின்று, அப்பெயருக்கும் வாக்கியத்திலுள்ள பிற சொற்களுக்கும் இடையே உள்ள உறவைக் காட்டுவதால் இவற்றை முன்னிடைச்சொற்கள் என்கிறோம். 'குட் அட் மாத்ஸ்' என்று எழுத வேண்டிய பிள்ளை 'குட் இன் மாத்ஸ்' என்று எழுதுகிறது. முன்னிடைச்சொல்லே வேண்டாத 'டிஸ்கஸ்' என்னும் வினைக்குப் பின் 'அபௌட்' என்பதை ஒட்டி வைக்கிறது. இப்பிழைகள் ஆண்டுதோறும் தவறாமல் வருகின்றன.

இதற்குப் பெற்றோர் பலர் கூறும் காரணத்தை நாம் அறிவோம். வீட்டிலும் தமிழ், பள்ளியிலும் தமிழ். ஆகையால் ஆங்கிலம் ஏறவில்லை என்பர். ஆசிரியப் பெருமக்களிலும் சிலர், ஆங்கில வகுப்பில் ஒரு தமிழ்ச் சொல்லும் ஒலிக்கலாகாது என்பர். இவ்விரு கருத்துகளையும் நாம் ஏற்பதற்கில்லை. தமிழ் மிகுதியாக இருப்பதால் வந்த குறையன்று இது. தமிழ் இலக்கணத்தை ஒரு பெட்டியிலும் ஆங்கில இலக்கணத்தை மற்றொரு பெட்டியிலும் பூட்டி வைத்துக் கற்பிப்பதால் வந்த குறை என்பதே நம் துணிபு.

வேற்றுமை என்றால் என்ன? 'முருகன் வெட்டினான்' என்பதில் யார் வெட்டினான் என்பது விளங்குகிறது. எதனை வெட்டினான், எதனால் வெட்டினான், யாருக்காக வெட்டினான், எங்கே வெட்டினான் என்பவற்றை விளக்க ஐ, ஆல், கு, இல் முதலிய உருபுகள் வந்து பெயரின் பின்னே ஒட்டிக்கொள்கின்றன. ஆங்கிலமோ இவற்றுட் பெரும்பாலான வேலையைப் பெயருக்கு முன்னே தனிச்சொல்லை நிறுத்திச் செய்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஆங்கிலமும் பெயரின் ஈற்றில் வேற்றுமை விகுதிகளைக் கொண்டிருந்த மொழியே. காலப்போக்கில் அவை தேய்ந்து மறைய, அவற்றின் வேலையைச் சொல் வரிசையும் முன்னிடைச்சொற்களும் ஏற்றுக்கொண்டன. உடைமையைக் காட்டும் 'எஸ்' என்னும் ஈறு அப்பழைய விகுதியின் எச்சமாக இன்றும் நிற்கிறது.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வேற்றுமைக்கென்று வேற்றுமையியல், வேற்றுமை மயங்கியல், விளிமரபு என மூன்று இயல்களை ஒதுக்கினார். ஏழாம் வேற்றுமையைச் சொல்லும் இடத்தில் மேல், கீழ், முன், பின், உள், இடை என்பன போன்ற பல சொற்களை அடுக்கித் தருகிறார். ஆங்கிலப் பாடநூலில் மேசையையும் பூனையையும் வரைந்து கற்பிக்கும் சொற்கள் இவையே அல்லவா? ஆகவே தமிழ்ப் பிள்ளைக்கு முன்னிடைச்சொல் என்னும் கருத்துப் புதிதன்று. இடம் மாறி நிற்பதுதான் புதிது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. கருத்து ஒன்றாயினும் கணக்கு ஒன்றன்று. தமிழில் ஓர் உருபு காக்கும் எல்லையை ஆங்கிலம் மூன்று சொற்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கும். பெட்டியில் புத்தகம், சுவரில் படம், வாசலில் அப்பா; நமக்கு எங்கும் 'இல்' ஒன்றே. ஆங்கிலத்தில் பெட்டிக்கு 'இன்', சுவருக்கு 'ஆன்', வாசலுக்கு 'அட்'. சுற்றிலும் அடைபட்டிருந்தால் ஒன்று. பரப்பின்மேல் பட்டிருந்தால் மற்றொன்று. ஒரு புள்ளியாக எண்ணினால் இன்னொன்று. நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் எடுத்துக்காட்டு வேறு. செம்பனைக் குலையும் மரத்தில் இருக்கிறது. குருவியும் மரத்தில் இருக்கிறது. ஆங்கிலேயனுக்கோ குலை மரத்தின் உடம்பில் காய்த்தது, ஆதலால் 'ஆன் த ட்ரீ'. குருவி இலைகளுக்கிடையே அமர்ந்தது, ஆதலால் 'இன் த ட்ரீ'. இதை ஒருமுறை மரத்தடியில் நிறுத்திக் காட்டினால் போதும், பிள்ளை மறப்பதில்லை.

(ஆங்கில 'இன்' வேறு, நம் ஐந்தாம் வேற்றுமை 'இன்' வேறு. ஒலி ஒன்றாயிருப்பதால் நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் சிரிப்பதுண்டு. சிரிக்கட்டும், சிரித்த பாடம் நெஞ்சில் நிற்கும்.)

காலத்தைச் சொல்லும்போதும் இவ்வாறே. எட்டு மணிக்கு 'அட்', திங்கட்கிழமைக்கு 'ஆன்', ஜூன் மாதத்திற்கு 'இன்'. தேசிய மொழியிலோ இம்மூன்றுக்கும் 'பாடா' என்னும் ஒரு சொல்லே வரும். பண்டார் தெங்காரா வட்டாரத்தில் நம் பிள்ளை வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலாயும் கேட்டு வளர்கிறது. ஆங்கிலத்தைப் பெரும்பாலும் புத்தகத்தில்தான் சந்திக்கிறது. எனவே ஆங்கிலம் எழுத அமரும்போது அதன் நெஞ்சில் தமிழும் மலாயும் முந்திக்கொள்வது இயல்பே.

மலாயைக் குறிப்பிட்டோமாதலின் ஒரு நயத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. மலாயில் பள்ளிக்குப் போவது 'கெ செக்கோலா'. ஆசிரியருக்குக் கொடுப்பது 'கெப்பாடா குரு'. பள்ளியிலிருந்து வருவது 'டாரி செக்கோலா'. ஆசிரியரிடமிருந்து பெறுவது 'டாரிப்பாடா குரு'. இடத்திற்கு ஒன்று, மனிதருக்கு ஒன்று. பிற பிள்ளைகள் இவ்விதியை மனப்பாடம் செய்யட்டும். தமிழ்ப் பிள்ளைக்கு அது தாய்ப்பாலோடு வந்தது. பள்ளிக்குப் போகிறோம், ஆனால் ஆசிரியரிடம் போகிறோம். பள்ளியிலிருந்து வருகிறோம், ஆசிரியரிடமிருந்து பெறுகிறோம். எல்லா இடத்திலும் இரு மொழிகளும் ஒத்துப்போவதில்லை எனினும், மனிதரை இடத்தினின்று பிரித்துக் காணும் உணர்வு இரண்டிலும் உண்டு. ஆங்கிலம் இவ்வேறுபாட்டைப் பாராமல் 'டு', 'ஃபிரம்' என்று இருவருக்கும் ஒன்றையே வழங்குகிறது. மூன்று மொழிகளையும் அருகருகே எழுதிக் காட்டினால் இது நொடியில் விளங்கும். தனித்தனியே கற்பித்தால் மூன்று ஆண்டுகளாயினும் விளங்காது.

இனி வினைச்சொல்லின் செய்திக்கு வருவோம். எவ்வளவு படம் வரைந்து காட்டினாலும் 'அஃப்ரெய்ட்' என்பதற்குப் பின் 'ஆஃப்' ஏன் வருகிறது என்பதற்கு விடை கிடைக்காது. இங்கே இடமும் இல்லை, காலமும் இல்லை. வழக்கு ஒன்றே உண்டு. தமிழிலும் அப்படித்தான். அச்சப் பொருளில் ஐந்தாம் வேற்றுமையும் இரண்டாம் வேற்றுமையும் வரும் என்பார் தொல்காப்பியர். புலியின் அஞ்சினான் எனலாம், புலியை அஞ்சினான் எனலாம். இக்காலத்தில் புலிக்கு அஞ்சினான் என்கிறோம். எந்த உருபு வேண்டும் என்பதைப் பல இடங்களில் வினையே தீர்மானிக்கிறது. ஆகவே 'ஆஃப்' என்பதைத் தனியே கற்பிப்பது வீண். 'அஃப்ரெய்ட் ஆஃப்', 'குட் அட்', 'வெயிட் ஃபார்' என்று இணைத்தே வாயில் ஏற்ற வேண்டும். 'என்டர்', 'டிஸ்கஸ்' என்பன துணை வேண்டாத வினைகள். வகுப்பறைக்குள் நுழைந்தோம், அதைப் பற்றிப் பேசினோம் என்று தமிழில் வரும் 'உள்', 'பற்றி' ஆகியவையே பிள்ளையை வழுக்கி விடுகின்றன. இதைத் தமிழில் எடுத்துச் சொல்லாமல் வேறெப்படி உணர்த்துவது? ஆங்கில வகுப்பில் தமிழுக்குத் தடை வேண்டும் என்போர் இதற்கு விடை கூறட்டும்.

கோடிட்ட இடங்களை நிரப்புக என்னும் பயிற்சித் தாள்மீது நமக்கு நெடுநாளைய மனத்தாங்கல் உண்டு. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அத்தேர்வுக்காகப் பிறந்த தாள்கள் இன்னும் நீங்கவில்லை. ஐம்பது கோடுகளை நிரப்பி நாற்பது மதிப்பெண் பெறும் பிள்ளை, தானாக ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னால் திகைக்கிறது. நான்கு சொற்களுள் ஒன்றை ஊகிப்பது மொழியறிவாகாது. 2003ஆம் ஆண்டு முதல் தமிழ்ப்பள்ளிகளில் முதலாம் ஆண்டிலேயே ஆங்கிலம் கற்பிக்கப்படுகிறது. கூடுதலாகக் கிடைத்த ஆண்டுகளைத் தாள் நிரப்பிக் கழித்துவிடலாகாது.

'ஒரு சிறு சொல்தானே, பொருள் விளங்கினால் போதாதா?' எனக் கேட்கும் பெற்றோரும் உளர். விண்ணப்பத் தாளில் 'பை ஃப்ரைடே' என்றிருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சேர்ப்பிக்க வேண்டும் என்பது பொருள். வியாழனன்றே கொடுத்தாலும் ஏற்பர். 'ஆன் ஃப்ரைடே' என்றால் வெள்ளியன்று மட்டுமே. 'ஆஃப்டர் ஃப்ரைடே' என்றால் அதன் பிறகே. மருந்துச் சீட்டில் 'பிஃபோர் ஃபுட்' என்றிருப்பதைப் பேரப்பிள்ளைதான் பாட்டிக்குப் படித்துச் சொல்கிறது. உணவுக்கு முன்னா பின்னா என்பதில் அப்பிள்ளை தடுமாறலாமா? தோட்டத்து வேலையோடு நிற்காமல் நம் மக்கள் தொழிற்சாலைக்கும் அலுவலகத்திற்கும் செல்லும் காலம் இது. ஒப்பந்தத் தாளில் கையெழுத்திடும் முன், 'வித்இன் ஃபோர்ட்டீன் டேஸ்' என்பது பதினான்கு நாட்களுக்குள் என்றும், 'ஆஃப்டர் ஃபோர்ட்டீன் டேஸ்' என்பது பதினான்கு நாட்களுக்குப் பின் என்றும் அறிந்தவனுக்கே தன் உரிமை எந்நாளில் முடிகிறது என்பது தெரியும்.

ஆங்கிலம் அறியாத பெற்றோரும் இதில் துணை நிற்கலாம். மாலையில் பிள்ளையை அருகழைத்து, வீட்டிலுள்ள ஐந்து பொருள்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று தமிழில் கேளுங்கள். அடுப்பின்மேல் பானை, கதவுக்குப் பின்னால் துடைப்பம், கட்டிலுக்கடியில் செருப்பு என்று பிள்ளை முழு வாக்கியமாகச் சொல்லட்டும். அதையே மலாயிலும், பின்பு ஆங்கிலத்திலும் எழுதி மறுநாள் பள்ளிக்குக் கொண்டுவரட்டும். மலாயில் எழுதும்போது 'டி செக்கோலா' என்பதைப் பிரித்தும் 'டிபாச்சா' என்பதைச் சேர்த்தும் எழுத வேண்டும். 1972ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் வகுத்த விதி அது. அவ்வைந்து வரிகளைத் திருத்தித் தருவது ஆசிரியர் பொறுப்பு.