விமானிகளுக்கும் வேண்டும் பாதுகாப்பு

1993-ஆம் ஆண்டில் பறக்கத் தொடங்கி, இந்திய ஆகாய மார்க்கத்தில் கால் நூற்றாண்டுக் காலம் கீர்த்தியுடன் விளங்கிய ஜெட் ஏர்வேஸ், குத்தகை விமானங்களை ஒவ்வொன்றாக இழந்து, 2019 ஏப்ரல் 17 அன்று சேவையை நிறுத்தியபோது, மாதக்கணக்கில் சம்பளம் காணாத அதன் விமானிகளும் வேலையிழந்து நின்றனர்.

உயர்ந்த ஊதியம் பெற்றவர்களுக்கு அனுதாபம் எதற்கு என்று வினவுவோர், பெருங்கடன் பட்டுக் கற்ற அவ்வித்தை குறிப்பிட்ட ரக விமானத்துக்கே தகுதி தருவதையும், போயிங் ஓட்டியவர் ஏர்பஸ் ஓட்ட மீண்டும் பயில வேண்டியிருப்பதையும் சிந்திக்க வேண்டும்.

2017-இல் விதிக்கப்பட்ட நியதிப்படி, கேப்டன் பதவி விலக ஓராண்டும் துணை விமானி விலக 6 மாதமும் முன்னறிவிப்புத் தர வேண்டும். பிரயாணிகளின் நன்மைக்காக ஊழியரை இவ்வாறு கட்டுப்படுத்தும் அரசாங்கம், நிறுவனம் நலிவுறுங்கால் அவர்களது சம்பள பாக்கியை முதற்கடனாக்கி, மறுபயிற்சிக்கும் வழி செய்வதே தர்மமாகும்.