நரியின் எல்லையும் நாயின் எல்லையும்

இங்கிலாந்தையும் பிரான்சையும் பிரிக்கும் டோவர் நீரிணை, மிகக் குறுகிய இடத்தில் ஏறக்குறைய 33 கிலோமீட்டர் அகலமே உடையது. 2004இலிருந்து பதினாறு ஆண்டுகளுக்கு மேல், இரு கரை நாய்களும் ஒரே நீலநிறக் கடவுச்சீட்டோடு அதைக் கடந்து வந்தன. 2021 ஜனவரி 1 அன்று டோவர் நாயின் சீட்டு செல்லாததாயிற்று. கலே நாயின் சீட்டோ டோவரில் தொடர்ந்து ஏற்கப்பட்டது. நாய்கள் மாறவில்லை, நோய்களும் மாறவில்லை. மாறியது மனிதர்களின் ஒப்பந்தம் மட்டுமே.

போரும் அகதிகளும் நிறைந்த காலத்தில் நாயின் பயணம் ஒரு பேசுபொருளா என்று வாசகர் முகம் சுளிக்கலாம். எல்லை என்னும் கருத்தாக்கம் தன் நியாயத்தை ஒளிவுமறைவின்றிக் காட்டுவது விலங்கின் முன்னால்தான் என்று நாம் கருதுகிறோம். மனிதனை நிறுத்துவதற்குக் குடியுரிமை, வேலை, மொழி, மதம் என ஆயிரம் காரணங்களை அரசு கற்பிக்க முடியும். நாயை நிறுத்துவதற்கு நேர்மையான காரணம் ஒன்றே: நோய். அப்படியானால் அந்த விதி நோயின் கணக்குக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும்.

அந்தக் கணக்கு வெறும் கற்பனையன்று. ரேபிஸ் என்னும் வெறிநோய் அறிகுறி காட்டத் தொடங்கியபின் ஏறத்தாழ எப்போதும் மரணத்திலேயே முடிகிறது. பிரிட்டன் 1902இல் அதை ஒழித்தது. 1918இல் போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்கள் ஒளித்துக் கொண்டுவந்த நாய்களோடு அது மீண்டும் நுழைந்தது. 1922இல்தான் மறுபடி ஒழிந்தது. வெளியிலிருந்து வரும் நாய்க்கும் பூனைக்கும் ஆறு மாதத் தனிமைக் காவல் என்னும் விதி 2000 வரை நீடித்தது. 1968இல் எலிசபெத் டெய்லரும் ரிச்சர்ட் பர்ட்டனும் தம் நாய்களைக் காவலுக்கு அனுப்ப மனமின்றி, லண்டனில் தேம்ஸ் நதியில் ஓர் உல்லாசப் படகை வாடகைக்கு நிறுத்தி அவற்றை அதிலேயே வைத்திருந்தார்கள். கரையில் கால் பதிக்காதவரை சட்டம் தீண்டாது! பணம் படைத்தோர் சட்டத்தின் விளிம்பில் மிதக்க, மற்றவர்கள் கம்பிக் கூண்டின் முன் நின்று தம் நாயை நலம் விசாரித்துத் திரும்பினார்கள். அதற்கு அடுத்த ஆண்டே, ஜெர்மனியிலிருந்து வந்து ஆறு மாதக் காவலை முழுமையாக முடித்த ஒரு நாய், வெளியே வந்த சில நாட்களில் சர்ரே மாவட்டத்துக் கேம்பர்லியில் ரேபிஸ் கண்டு மனிதரைக் கடித்தது. அச்சம் மேலும் இறுகியது.

அச்சத்துக்கு மறுகரையிலும் காரணம் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கிழக்கிலிருந்து கிளம்பிய நரி ரேபிஸ், ஆண்டுக்கு ஆண்டு மேற்கு நோக்கி நகர்ந்து 1968இல் பிரான்சை எட்டியது. நரிகளைச் சுட்டார்கள், வளைகளில் நச்சுப்புகை ஏற்றினார்கள், பயனில்லை. காலியான வளைக்கு அடுத்த காட்டிலிருந்து வேறொரு நரி வந்தது. தீர்வு 1978 அக்டோபரில், சுவிட்சர்லாந்தின் ரோன் நதிப் பள்ளத்தாக்கில் பிறந்தது. தடுப்பு மருந்து பொதிந்த கோழித்தலைகளைக் காட்டில் போட்டு வைத்தார்கள். நரிகள் தின்றன. நோய் அந்தப் பள்ளத்தாக்கில் மேலேறாமல் நின்றது. பின்னர் கோழித்தலைக்குப் பதிலாக மீன்மாவில் செய்த இரைகள் வந்தன, விமானத்திலிருந்து தூவினார்கள். பிரான்ஸ் 2001இலும் ஜெர்மனி 2008இலும் தரைவாழ் விலங்குகளின் ரேபிஸிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டன. ஐரோப்பிய எல்லைகள் திறந்த வரலாற்றை உடன்படிக்கைகளின் பெயர்களால் எழுதுகிறார்கள். நாய்களுக்கு எல்லை திறந்ததில் கோழித்தலைக்குப் பெரும்பங்கு உண்டு.

2000 பிப்ரவரி 28 அன்று பிரிட்டனும் தன் கூண்டைத் திறந்தது. மைக்ரோசிப், தடுப்பூசி, இரத்தப் பரிசோதனை, நாடாப்புழு மருந்து என்று நிபந்தனைகள் வந்தன. 2012இல் ஒன்றிய நாடுகளிலிருந்து வரும் விலங்குகளுக்கு இரத்தப் பரிசோதனையும் கைவிடப்பட்டது. தடுப்பூசிக்குப் பின் 21 நாள் காத்திருந்தால் போதும். நாய், பூனை, ஃபெரட் ஆகிய மூன்றுக்கும் பொதுவான அந்தக் கடவுச்சீட்டு, நமக்குத் தெரிந்த அரசு ஆவணங்களில் மிகவும் அடக்கமானது. இந்த உடலில் இந்த எண் உள்ளது, இந்த நாளில் இந்த ஊசி போடப்பட்டது என்பதற்கு மேல் பெரிதாக எதையும் அது சொல்வதில்லை. பிறந்த மண்ணின் பெருமை அதில் இல்லை.

இதன்பின் 2021இல் வந்ததைப் பாருங்கள். பிரிட்டனிலிருந்து ஒன்றிய நாட்டுக்குப் போகும் ஒவ்வொரு பயணத்துக்கும் புதிய உடல்நலச் சான்றிதழ் வேண்டும்; அதை அரசின் அங்கீகாரம் பெற்ற கால்நடை மருத்துவர் புறப்படுவதற்கு முந்தைய பத்து நாட்களுக்குள் எழுதித் தரவேண்டும். அடுத்த மாதம் மறுபடி போனால் மறுபடி ஒரு சான்றிதழ், மறுபடி நூறு பவுண்டுக்கு மேல் செலவு. லண்டனில் ஒரு கிளையும் பாரிஸின் லா ஷப்பேல் பக்கம் ஒரு கிளையுமாகப் பிரிந்து வாழும் ஈழத்துக் குடும்பங்களில், நாய் வளர்ப்போருக்கு இந்தச் செலவு தெரிந்திருக்கும். நார்வேயும் சுவிட்சர்லாந்தும் ஒன்றியத்தின் உறுப்பினர்கள் அல்ல. ஆனாலும் அவற்றின் கடவுச்சீட்டை ஒன்றியம் ஏற்றது. அதே வரிசையில் இடம் கேட்ட பிரிட்டனுக்கு அது கிட்டவில்லை. ரேபிஸ் அற்ற நாடு என்பதில் எவருக்கும் ஐயம் இல்லாதபோது, இதை நோய்த்தடுப்பு என்று அழைப்பது மொழிக்குச் செய்யும் துரோகம்.

விதிகள் எல்லாமே வீண் என்பது எமது வாதமன்று. நார்வேயை எடுத்துக்கொள்வோம். சுவீடனிலிருந்து நார்வேக்குள் நுழையும் நாய்க்கு, 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மிகாமலும் முன்னதாக நாடாப்புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும். மலிவான இறைச்சி வாங்க ஸ்வினெசுண்ட் பாலத்தைக் கடந்து சுவீடனுக்குப் போய்வரும் நார்வேக்காரர் தம் நாயை உடன் அழைத்துச் சென்றாலும் இதுவே சட்டம். அடிக்கடி கடப்போர் 28 நாளுக்கு ஒருமுறை மருந்து கொடுத்து வரலாம். நரிகளின் குடலில் வாழும் எக்கினோகாக்கஸ் மல்டிலோகுலாரிஸ் என்னும் நாடாப்புழு 2011இல் சுவீடனில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. நார்வேயின் பெருநிலப்பரப்பில் அது இல்லை. மனிதருக்குள் புகுந்தால் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி வளர்ந்து கல்லீரலைப் புற்றுநோய்போல் அரிக்கிறது. இந்த விதிக்குப் பின்னால் ஒரு புழு இருக்கிறது. நரிகள் மருந்துச்சீட்டு எதுவுமின்றி அதே காட்டெல்லையைக் கடக்கின்றனவே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நரி பல தலைமுறைகளில் கடக்கும் தூரத்தை நாய் ஒரே இரவில் காரில் கடந்துவிடுகிறது. வந்து சேர்ந்ததும் குழந்தையின் படுக்கையில் ஏறிப் படுக்கிறது.

அடிப்படை உள்ள விதியும் மனிதத்துக்கு வளைந்து கொடுக்க முடியும் என்பதை 2022 காட்டியது. உக்ரைனில் ரேபிஸ் இன்றும் உண்டு. வழக்கமான விதிப்படி அங்கிருந்து ஒன்றியத்துக்குள் வரும் நாய்க்கோ பூனைக்கோ தடுப்பூசி போட்டு, குறைந்தது 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, மேலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். பிப்ரவரிக் குளிரில் மேலங்கிக்குள் பூனையைப் பொதிந்தபடி போலந்து எல்லையில் நின்றவர்களிடம் அதைக் கேட்க எவருக்கும் நா எழவில்லை. ஒன்றியம் விதியைத் தளர்த்தியது. விலங்குகளை உள்ளே விட்டபின் ஊசி போட்டார்கள், சிப் பொருத்தினார்கள், கண்காணித்தார்கள். பிரிட்டனோ தனிமைக் காவலைக் கைவிடவில்லை. ஆயினும் அதன் செலவை அரசே ஏற்றது. ரேபிஸ் உள்ள நாட்டின் பூனைக்குக் காட்ட முடிந்த நெகிழ்வை ரேபிஸ் அற்ற நாட்டின் நாய்க்குக் காட்ட முடியாமற்போனது எதனால்?

2025 மே மாதத்தில் பிரிட்டனும் ஒன்றியமும் கண்ட உடன்பாட்டில் செல்லப்பிராணிக் கடவுச்சீட்டுக்கும் ஒரு வாக்குறுதி இடம்பெற்றது. மீன்பிடி உரிமையும் உணவு வணிகமும் பேசப்பட்ட அதே மேசையில்தான் நாயும் கிடந்தது. பேரம் முடியும்வரை விலை கொடுப்பவர் யார் என்பதையும் சொல்லிவிடவேண்டும். பார்வையற்ற ஒருவர் தம் வழிகாட்டி நாயுடன் லண்டனில் ரயிலேறி இரண்டரை மணி நேரத்தில் பாரிஸில் இறங்க விரும்பினால், 2021இன் விதி அவருக்கும் விலக்கு அளிக்கவில்லை. அவருடைய கண்ணுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு சான்றிதழ். பேரத்தின் ஏனைய பகுதிகள் முடியட்டும் என்று காத்திராமல், அந்த நாய்களுக்கான கடவுச்சீட்டையாவது முதலில் ஏற்கவேண்டும்.