இலத்தீன் கீறலும் தமிழ்க் குறியும்

ஆங்கில நூல்களில் ‘அஃதாவது’ என்னும் பொருளில் ஒரு வினையடைச் சொல் அருகி வழங்குகின்றது. ‘விடெலிசெட்’ என்பது அதன் முழுவடிவம். காண்டலைக் குறிக்கும் ‘விடேரே’, ஒப்புதலுண்டு என்னும் ‘லிகெட்’ ஆகிய இலத்தீன் சொற்கள் சேர்ந்து, ‘காணத் தடையில்லை’ என்னும் கருத்தில் பிறந்த சொல் அது. அதனை முழுதும் எழுதுவோர் அரியர். வி, ஐ, இசட் என்னும் மூன்றெழுத்தாகவே குறிப்பர். அச்சொல்லில் இசட் என்னும் எழுத்தே இல்லை! இடைக்கால ஐரோப்பிய எழுத்தர் சொல்லிறுதியைச் சுருக்க இட்ட ஒரு கீறலே, அச்சில் அவ்வெழுத்தாய் உருமாறி நின்றது.

பேச்சு வழக்கிழந்த மொழியின் எழுத்தர் இட்ட கீறலை ஆங்கிலர் இத்தனை நூற்றாண்டு பேணிவர, வாழும் மொழியாகிய தமிழின் குறிகளைத் தமிழர் என்செய்தனர்?

செட்டிநாட்டை நோக்குக. கடல்கடந்த நகரத்தார் இரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் நடத்திய கடைகளில் கணக்கைத் தமிழிலேயே எழுதினர். குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை என்பன அவர்தம் கலைச்சொற்கள். நாளுக்கு ௳, திங்களுக்கு ௴, ஆண்டுக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸ எனத் தமிழ்க் கணக்கில் ஒற்றைக் குறிகள் வழங்கின. பல நாட்டு வாணிகத்தைத் தமிழ்க் கணக்கே தாங்கிற்று. இளமையில் பருமாவில் கடைப்பணி செய்து, பின்னாளில் காரைக்குடி அழகப்பா கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய வ.சுப. மாணிக்கனார், தமிழ்வழிக் கல்விக்கு உழைத்ததில் வியப்பென்ன?

அக்குறிகள் அழிந்துவிடவில்லை. 2003-இல் ஒருங்குறியின் 4.0 பதிப்பில் அவை இடம்பெற்றன, கணினியிலும் எழுதலாம். இருந்தும், மேற்படி என்பதற்கு ‘டிட்டோ’ என்போர் எத்தனை பேர்! அதுவும் ‘சொல்லப்பட்டது’ எனப் பொருள்படும் இலத்தீன் வேரினின்று இத்தாலியம் வழியாக ஆங்கிலம் இரவல் பெற்றதே. இரவலையே இரவல் பெறுவதா?

குறை பிறரிடம் மட்டுமன்று. மேடையில் வேர்ச்சொல் ஆராயும் தமிழன்பரும் தம் வீட்டுக் கணக்கில் ஆங்கிலச் சுருக்கத்தையே இடுகின்றார். வேரறிதல் பாதி, வழங்குதலே மறுபாதி.

செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் தூணும் கதவும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் விலைபோகின்றன. கணக்கேடுகளும் அவ்வழிப் போகவேண்டா. பழைய பேரேடு உள்ள இல்லந்தோறும், மூத்தோர் பிள்ளைகளை அருகிருத்தி ஒரு பக்கமேனும் படித்துக் காட்டுக. தமிழன்பர் வரும் திங்கள் முதல் தம் வீட்டுக் கணக்கில் ௷, ௶ என்றே எழுதுக. தமதல்லாத ஒரு கீறலின்மேல் ஆங்கிலர்க்கு உள்ள பற்று, தம் முன்னோர் குறியின்மேல் தமிழர்க்கு வேண்டாவா?