இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள், தோழர்களே!

நைட் டியூட்டி முடித்து பஸ் ஸ்டாப்பில் நின்றபடியே கண்ணசரும் சிஸ்டர்களே, பெட்பேனும் பினாயிலுமாகப் பொழுதைக் கழிக்கும் ஆயாம்மாக்களே, பிரஷர் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தோழிகளே, காது கேளாத பிள்ளைகளோடு நாள் முழுக்கக் கையாலும் முகத்தாலும் பேசிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பேச்சே எழாமல் உட்கார்ந்திருக்கும் டீச்சர்களே, அடுத்தவர் அழுகையைக் கேட்பதையே வேலையாகக் கொண்ட கவுன்சிலர்களே!

வருகிற சனிக்கிழமை மாலை 5 மணிக்கு சாந்தோம் கடற்கரைக்கு வாருங்கள். பசிலிக்காவுக்குப் பின்னால், கடலைப் பார்த்து நிற்கிறதே தோமையார் கம்பம், அதன் அடியில். கடல் அந்தக் கம்பத்தைத் தாண்டி வராது என்று இங்கே பலருக்கு நம்பிக்கை. நமக்கு அது அடையாளம், அவ்வளவுதான். மைக் இல்லை, மேடை இல்லை, தலைமையுரை இல்லவே இல்லை.

ஏன் கூப்பிடுகிறேன்? நம் டியூட்டி ரூம்களில் ஒரு வார்த்தை இப்போதெல்லாம் அடிக்கடி காதில் விழுகிறது: “மரத்துப் போச்சுக்கா.” சலிப்பு என்றால் இரண்டு நாள் லீவில் தெளியும். கோபம் என்றால் கத்தித் தீர்க்கலாம். மரத்துப்போனவருக்கோ தான் மரத்துப்போனது லேசில் தெரியாது. எனக்குத் தெரியவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன், அப்போது வேலைபார்த்த ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி. ஆண்கள் வார்டு, 22 படுக்கை, நான் ஒருத்தி. மணி இரண்டரை இருக்கும். ஒரு அம்மா நாலாவது தடவையாக வந்து நின்றார். “சிஸ்டர், ட்ரிப்ஸ் முடிஞ்சிருச்சு. டியூப்ல ரத்தம் ஏறுது.” கேஸ் ஷீட்டிலிருந்து நான் தலையைத் தூக்கவில்லை. “உங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான் இங்க பேஷண்ட்டா?” அந்த அம்மா பதில் பேசவில்லை. கையிலிருந்த மஞ்சப்பையின் காதை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். நான் எழுந்து போய் லைனைச் சரிபண்ணிப் புது பாட்டில் மாட்டினேன். காலையில் அடுத்த ஷிஃப்ட்டுக்கு ஓவர் கொடுக்கும்போது ரிப்போர்ட் புக்கில் ‘பேஷண்ட் கம்ஃபர்டபிள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதியது பொய்யில்லை. அந்த மஞ்சப்பையை எழுதத்தான் அந்தப் புத்தகத்தில் கட்டம் கிடையாது.

இதில் பயப்பட வேண்டிய விஷயம், அப்படிப் பேசிய பிறகும் எனக்கு ஒன்றுமே ஆகவில்லை என்பதுதான். சாப்பிட்டேன், தூங்கினேன். ஒரு வாரம் கழித்து வீட்டில் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அதற்கு அரைமணி நேரம் அழுதேன்.

அன்றைக்கு டியூட்டிக்குப் போனதும் எங்கள் ஆயாம்மா முகத்தைப் பார்த்தார். “உக்காரு கண்ணு. டீ குடி. அப்பறம் சொல்லு.” சொன்னேன், மஞ்சப்பை வரைக்கும். அவர் புத்தி சொல்லவில்லை. எல்லாம் சரியாயிடும் என்றும் சொல்லவில்லை. கேட்டு முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மாப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த ராத்திரி படுக்கைகளில் நம்பருக்குப் பதில் முகங்கள் தெரிந்தன.

ஆயாம்மாவுக்கு வீடு பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் புகுந்த இடம். அங்கே உறவுகளைப் பறிகொடுத்தவர்களின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற தொண்டர்கள் ஒரு வருஷம் போய்ப் போய் உட்கார்ந்து கேட்டார்கள். 1986-ல் ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார், அந்த வேலையை, அப்படி யாரும் போகாத காசிமேட்டு நிலவரத்தோடு ஒப்பிட்டு எழுதிய ஆய்வு 2008-ல் வந்தது. கேட்க ஆள் இருந்த இடத்தில் மனவேதனை குறைந்திருந்தது. போனவர்கள் டாக்டர்கள் இல்லை, கேட்கத் தெரிந்த சாதாரண மனுஷர்கள். காது கொடுப்பதற்கு எவ்வளவு வலு என்பதை நம் பக்கத்துத் தெருவிலேயே பார்த்தாகிவிட்டது தோழர்களே. ஊருக்கெல்லாம் அதைக் கொடுக்கிறோம். நமக்குள் மட்டும் கொடுத்துக்கொள்வதில்லை.

தந்திரமான ஒரு பேச்சைப் பற்றியும் எச்சரித்துவிடுகிறேன். ஆள் குறைவு என்று போய் நின்றால் சில நிர்வாகங்கள் யோகா வகுப்பு வைக்கின்றன. மூச்சை உள்ளே இழு, வெளியே விடு, 22 படுக்கைக்குத் திரும்பிப் போ! இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறி என்ன? மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற பொது மருத்துவமனையில் 5 பேருக்கு ஒருவர். உலக சுகாதார நிறுவனமே 2019-ல் ‘பர்ன் அவுட்’ என்னும் பணிச்சோர்வைப் பற்றிச் சொன்னபோது அதை நோய் என்று சொல்லவில்லை, வேலையிடத்தின் நெருக்கடி தீர்க்கப்படாமல் நாள்பட்டு வரும் விளைவு என்றுதான் சொன்னது. அதாவது, கோளாறு உங்கள் மண்டைக்குள் மட்டும் இல்லை. 2017 நவம்பரில் ரூ. 7,700 சம்பளத்தில் வேலைபார்த்த ஒப்பந்த நர்சுகள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்களே, அந்தப் போராட்டத்தை எந்த மூச்சுப் பயிற்சியும் ஈடுகட்டாது. ஆனால் மரத்துப்போனவர் போராடவும் வரமாட்டார். சங்கக் கூட்டத்துக்கு அழைத்துப் பாருங்கள்: “விடுக்கா, என்ன ஆகப்போவுது.” அதனால்தான் சொல்கிறேன், சம்பளமும் ஆட்பலமும் கேட்பதற்காகவாவது முதலில் நாம் உயிரோடிருக்க வேண்டும்.

பர்ன் அவுட் என்ற பெயரில் 1974-ல் கட்டுரை எழுதியவர் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர். நியூயார்க்கில் பகலெல்லாம் சொந்த நோயாளிகள், ராத்திரி ஏழைகளுக்கான இலவச கிளினிக். குடும்பத்தோடு வெளியூர் கிளம்ப வேண்டிய நாளில் அவரால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. டேப் ரெக்கார்டரில் தன் பாடுகளைப் பேசிப் பதிந்து, தன் குரலைத் தானே போட்டுக் கேட்டார். நமக்கு டேப் ரெக்கார்டர் வேண்டாம், ஒரு 40 பக்க நோட்டு போதும். டியூட்டி முடிந்ததும் மூணே வரி. இன்றைக்கு எது உறுத்துகிறது? அப்போது உடம்பில் எங்கே இறுகியது, தாடையிலா, வயிற்றிலா? இதையே இன்னொரு சிஸ்டர் செய்துவிட்டு வந்து அழுதால் அவளிடம் என்ன சொல்வேன்? பேஷண்ட் பெயரோ படுக்கை நம்பரோ எழுதக்கூடாது.

மூன்றாவது வரிதான் நம் ஆட்களுக்கு வராது. ‘தன்மேல் இரக்கம்’ என்றாலே சுயநலம் என்று முகம் சுளிப்போம். நர்சிங் பள்ளியில் விளக்கேற்றி உறுதிமொழி எடுத்தவர்கள் அல்லவா! எண்ணெய் யார் ஊற்றுவார்கள் என்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை. 2003-ல் தன்மேல் இரக்கத்தைப் பற்றி எழுதிய உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் மூன்று விஷயம் சொல்கிறார்: தன்னிடம் கனிவு, ‘எனக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும் இப்படி ஆகிறது’ என்ற தெளிவு, வலியை ஊதவும் மறைக்கவும் செய்யாமல் இருக்கிறபடி பார்ப்பது. தப்பை மன்னித்து விட்டுவிடுவது இதில் இல்லை. அந்த அம்மாவிடம் நான் பேசியது தப்புதான். ‘நீயெல்லாம் ஒரு நர்ஸா’ என்று என்னை நானே வருஷக்கணக்கில் திட்டிக்கொண்டதால் அந்த அம்மாவுக்கு என்ன கிடைத்தது? அடுத்த அம்மாவுக்குத்தான் என்ன கிடைத்தது? “22 பேரை வச்சிக்கிட்டு மூணு நாளாத் தூங்காம இருந்தே. வாய் தவறிடுச்சு. போய் அவங்களப் பாரு” என்று யாராவது சொல்லியிருந்தால், மறுநாள் காலையிலேயே போய் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.

நோட்டு தனியாள் வேலை. சனிக்கிழமை கூடுவது கூட்டத்துக்கான வேலை. 1950-களில் லண்டனில் மைக்கேல் பாலிண்ட் டாக்டர்களை வட்டமாக உட்காரவைத்தார். ஒருத்தர் ஒரு கேஸைச் சொல்ல, மற்றவர்கள் அந்த நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் என்ன நடந்தது என்று யோசிப்பார்கள். அதே ஊரில் 1953-ல் தொடங்கிய சமாரிட்டன்ஸ் அமைப்பில், ஷிஃப்ட் முடிந்த தொண்டர் மனசில் இருப்பதை ஒருத்தரிடம் சொல்லி இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவது வழக்கம். லண்டனுக்கு ஏன் போக வேண்டும்? நம் ஊர்ப் பாதையோரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டார்களே. கர்ப்பத்தோடு செத்துப்போனவள் நினைவாக நட்ட கல், தலைச்சுமைக்காரர் யாரையும் கைகொடுக்கக் கூப்பிடாமல் தோள் உயரத்தில் பாரத்தை இறக்கி, திரும்ப ஏற்றிக்கொண்டு போக. விறகு சுமந்தவனுக்கு அந்த ஏற்பாடு இருந்தது. மரணம் சுமக்கிறவளுக்கு இன்னும் இல்லை.

சனிக்கிழமை நாமும் அப்படித்தான் வட்டமாக உட்காரப்போகிறோம். வட்டத்துக்குச் சில கட்டுப்பாடுகள். ஒரு தடவைக்கு ஒருத்தர் கேஸ். ‘நானா இருந்தா’ என்று யாரும் ஆரம்பிக்கக்கூடாது. இங்கே கேட்டது கடற்கரையைத் தாண்டக்கூடாது. வார்டு இன்சார்ஜ் வந்தாலும் மணலில்தான் உட்கார வேண்டும். கடைசி பத்து நிமிஷம் ஒரு கோரிக்கையை எழுதுவோம்: ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் ஓவர் கொடுக்கும்போது மனசை இறக்கவும் பத்து நிமிஷம், டியூட்டி நேரத்துக்குள்ளேயே. அதை எல்லாரும் கையெழுத்திட்டு அவரவர் நிர்வாகத்திடம் கொடுப்போம். சொந்த நேரத்தில் சரியாகிக்கொள் என்பதை இனி ஒத்துக்கொள்ள முடியாது.

தூக்கமே போய்விட்டது, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால் சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். 14416, அரசின் டெலி மானஸ். 104-ம் இருக்கிறது. இன்றைக்கே கூப்பிடுங்கள். நாம் பேஷண்ட்டுக்கு எழுதிக்கொடுக்கும் நம்பர்தான், நமக்கும் அங்கே போனை எடுப்பார்கள்.

சனிக்கிழமை டியூட்டி மாட்டியவர்கள் அடுத்த சனிக்கிழமை வரலாம், வட்டம் நிற்காது. பிள்ளைகளைக் கூட்டிவந்தால் அலை ஓரம் போகாமல் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். உட்கார ஒரு பழைய பெட்ஷீட், நோட்டு, பேனா. டீ ஆயாம்மா கொண்டுவருகிறார். டம்ளர் மட்டும் அவரவர் எடுத்துவரவும்.