நீர் புகா மணிக்கூடு

‘நீர் புகா மணிக்கூடு’ என்பது ஒரு தொடர். தமிழ் கற்பிப்பவன் அதனைக் கண்டால் மணிக்கூட்டை முதலிற் பாரான். ‘புகா’ என்பதனையே பார்ப்பான். ‘புகாத’ என்னும் எதிர்மறைப் பெயரெச்சம் ஈறு கெட்டுப் ‘புகா’ என நின்றது. அது மூன்று காலத்துக்கும் பொது. நேற்றுப் புகவில்லை, இன்று புகவில்லை, நாளையும் புகாது என்னும் மூன்று உறுதிகளையும் இரண்டே எழுத்துக்கள் சுமந்து நிற்கின்றன. உருக்கும் கண்ணாடியும் இறப்பரும் கூடிய ஒரு பண்டம் இத்துணைப் பெரிய உறுதியைத் தர வல்லதோ? வல்லதன்று. தருவதாக அதனைச் செய்தவருஞ் சொல்லவில்லை. சொன்னவர் நாம்.

பண்டிதருக்கு மணிக்கூட்டுக் கடையில் என்ன அலுவல் என்று நகைப்பார் உளர். கீழைத்தேயக் கல்லூரியில் இலக்கணம் படிப்பிக்கிறவனும் துவிச்சக்கர வண்டி மிதிக்கிறான், மழையில் நனைகிறான், கிணற்றில் அள்ளிக் குளிக்கிறான், தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கிறான். அவனுக்கும் கையில் ஒன்று வேண்டியிருக்கிறது. அன்றியும், இந்தத் தொடர் எம் பழைய மாணவர் ஒருவருக்குச் செய்த தீங்கை யான் கண்டேன்.

அவருடைய தந்தையார் வளைகுடா நாட்டில் உழைத்தவர். 1989ஆம் ஆண்டில், தம் ஊதியத்திற் பெரும்பங்கைக் கொடுத்து, கையசைவினாலே தானே முறுக்கேறும் பெரிய மணிக்கூடு ஒன்றை வாங்கினார். அவர் காலமானபின் அது மகன் கைக்கு வந்தது. மகன் அதனை ஒரு பழுதுபார்க்கும் நிலையத்திற் கொடுத்தார். அவர்கள் துடைத்து, எண்ணெயிட்டு, பழைய வாசரையே மீண்டும் இட்டு மூடிக் கொடுத்தனர். அடுத்த ஆடியமாவாசையன்று கீரிமலையிலே தந்தைக்குரிய பிதிர்க்கடனைச் செய்து கடலாடினார். தந்தை கட்டிய மணிக்கூடு அன்றைக்குக் கையிலிருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கழற்றவில்லை. மாலையிற் கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படர்ந்தது. வெயிலில் வைத்தார், ஆவி மறைந்தது, மனமும் ஆறிற்று. ஒரு கிழமை கழித்து முள் நின்றது. திறந்து பார்த்தபோது சுருள்வில்லிலும் சிறு திருகாணிகளிலும் துரு ஏறியிருந்தது. முகப்பில் எழுத்துக்கள் உதிர்ந்திருந்தன.

அதனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். திருத்தித் தரும்படி கேட்கவில்லை. “ஐயா, பின்மூடியிலே ‘வோட்டர் றெசிஸ்ரன்ற்’ என்று வெட்டியிருக்கிறதே, அதற்குப் பொருள் நீர் புகாது என்பதுதானே?” என்று கேட்டார். நீரை எதிர்த்து நிற்கும் என்பதே பொருள் என்றேன். எதிர்ப்பது வேறு, புகவிடாமை வேறு. அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு மொழிபெயர்ப்புக்குக் கொடுத்த விலை அதிகம் என்று எனக்குத் தோன்றியது.

உலக நியம நிறுவனத்தார் இதற்கென வகுத்த விதியில், 2010இல் வெளியானதிலும் அதற்கு முந்தியதிலும், ‘எதிர்க்கும்’ என்னும் சொல்லே உண்டு. மூடியில் 3 பார், 5 பார், 10 பார் என்றோ, 30 மீற்றர், 50 மீற்றர், 100 மீற்றர் என்றோ இருக்கும். கடல்மட்டத்தில் எம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார். நீரில் 10 மீற்றர் இறங்குந்தோறும் மேலும் ஒரு பார் கூடும். ஆகவே 3 பார் என்பது 30 மீற்றர் அசையா நீரின் அழுத்தத்துக்குச் சமம். புதிதாய்ச் செய்த மணிக்கூடு அவ்வழுத்தத்தைத் தாங்கியது என்பதே அவ்வெண்ணின் சான்று. அது பிறப்புச் சான்றிதழ். ஐம்பது வயதுக்காரன் தன் பிறப்புச் சான்றிதழைக் காட்டித் தேகசுகம் பேசலாமா?

30 மீற்றர் என்று எழுதியதைக் கட்டிக்கொண்டு நீந்தலாகாது என்பது கடைக்காரர் சொல்லும் எச்சரிக்கை. எச்சரிக்கை நன்று, அதற்கு அவர் கூறும் காரணம் நன்றன்று. நீரிற் கை வீசும் வேகத்தால் அழுத்தம் பன்மடங்கு பெருகும் என்பர். கணக்கிட்டுப் பார்ப்போம். விநாடிக்கு 2 மீற்றர் வேகத்திற் கை சென்றால் அதனாற் கூடும் அழுத்தம் 20 சென்ரிமீற்றர் நீருக்குச் சமம். 5 மீற்றர் வேகமென்றாலும் ஏறத்தாழ ஒன்றேகால் மீற்றரே. உயரத்திலிருந்து குதிப்பது மாத்திரம் வேறு கதை: 5 மீற்றர் உயரத்திலிருந்து விழுபவர் ஏறத்தாழ 5 மீற்றர் நீரின் அழுத்தத்தை எதிர்கொள்வார், நீரை மோதும் முதற்கணத்தில் அதனினுங் கூடலாம்.

எம் நாட்டு வெப்பத்துக்குரிய கணக்கு ஒன்றும் உண்டு. வெயிலில் வண்டி மிதித்து வரும் ஒருவர் கையிலே மணிக்கூட்டின் உள்ளிருக்குங் காற்று 45 பாகை வரை சூடேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியே வந்து 27 பாகைக் கிணற்றுநீரை அள்ளி ஊற்றுகிறார். உட்காற்றின் அழுத்தம் நூற்றுக்கு ஆறு பங்களவில் இறங்கும். அரை மீற்றருக்கு மேற்பட்ட நீரின் அழுத்தத்துக்கு அது ஈடு. வெளியிலிருப்பது தள்ளுவதோடு உள்ளிருப்பதும் உறிஞ்சுகிறது. விநாடிக்கு 2 மீற்றர் வேகத்துக் கை வீச்சிலும் இது பெரிது. ஆனால் இதனை எவரும் பேசுவதில்லை.

இவை யாவும் சிறு தொகைகள். வாசர் நன்றாயிருந்தால் இவற்றுள் ஒன்றும் ஒன்றுஞ் செய்யாது. வாசர் செத்துப்போயிருந்தால் இவற்றுள் யாதாயினும் ஒன்று போதும். பின்மூடியின் கீழ் ஒன்று, கண்ணாடியைச் சூழ ஒன்று, முறுக்குங் குமிழின் தண்டில் ஒன்றோ இரண்டோ என, மயிரிழையினுஞ் சிறிது தடித்த இறப்பர் வளையங்கள் சில இருக்கின்றன. காவல் முழுதும் அவற்றினது. நசுங்கிக் கிடந்து கிடந்து அவை தட்டையாகும். வியர்வையும் சவர்க்காரமும் உப்பும் பட்டு இறுகும். இறுகியபின் மீள விரியா. உருக்கு நூறாண்டு இருக்கலாம். இறப்பருக்கு அவ்வளவு ஆயுள் இல்லை.

இத்துறையில் வழங்கும் ஒரு பழங்கதையையும் சற்றே திருத்தவேண்டும். 1926இல் றோலெக்ஸ் கொம்பனியார், மூடியும் குமிழும் திருகுபுரியால் இறுகும் மணிக்கூடு ஒன்றை வெளியிட்டு அதற்கு ‘ஒயிஸ்ரர்’, அதாவது சிப்பி, என்று பெயரிட்டனர். மேசிடிஸ் கிளீற்ஸ் என்னும் ஆங்கில மங்கை அதனை அணிந்து ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார் என்று பலரும் எழுதுவர். அவர் கடந்தது 1927 ஒக்ரோபர் 7ஆந் திகதி. அன்று அந்த மணிக்கூடு அவரிடம் இல்லை. பின்னர் வேறொரு பெண் பொய்யாக உரிமை கோரியதனாற் கிளீற்சின் வெற்றியும் ஐயுறப்பட்டது. ஆதலின், ஒக்ரோபர் 21ஆந் திகதி மீண்டும் இறங்கினார். மணிக்கூடு கழுத்திலே தொங்கியது. குளிர் மிகுந்து பத்து மணி நேரத்துக்கு மேல் நீரிற் கிடந்து, கரை காணாமலே படகில் ஏற்றப்பட்டார். மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் இலண்டன் ‘டெயிலி மெயில்’ முதற்பக்கத்தை அவ்விளம்பரம் முழுதாய் நிறைத்தது. வென்ற நீச்சலில் மணிக்கூடு இல்லை; மணிக்கூடு வென்ற நீச்சலில் அவர் வெல்லவில்லை. 1954இல் பாக்கு நீரிணையை முதன்முதல் நீந்திய நவரத்தினசாமியையும், 1971இல் போய் மீண்ட ஆழிக்குமரன் ஆனந்தனையும், அவ்வானந்தன் 1984இல் அதே ஆங்கிலக் கால்வாயில் உயிர் நீத்ததையும் அறிந்த எமக்கு, அந்தப் பத்து மணி நேரத்தில் எது பெரிது என்று பிறர் சொல்லவேண்டியதில்லை.

இனித் தெரிவு. இக்காலத்து இளைஞர் பெரிய மணிக்கூட்டை விரும்புகின்றனர். பெரிதாய்ச் செய்ததற்கு முற்காலத்திற் காரணம் இருந்தது. 1930களின் பிற்பகுதியில் இத்தாலியக் கடற்படையின் மூழ்குவீரருக்காகப் பனறாய் நிறுவனத்தார் செய்தது 47 மில்லிமீற்றர் அகலம். இருண்ட நீரில் இலக்கம் தெரிய வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் விமானிகள் கட்டியது 55 மில்லிமீற்றர். அதனைத் தடித்த அங்கியின் கைக்கு மேலே கட்டினர். எம் கையில் அங்கியும் இல்லை. வகுப்பறையில் இருளும் இல்லை. ஆயினும் நாற்பதைக் கடந்த கண்ணுக்குப் பெரிய முகப்பு உதவி என்பதை யான் மறுக்கேன்.

விட்டத்தை மாத்திரம் கேட்டு வாங்குவது பேதைமை. வார் பூட்டும் மேற்காதிலிருந்து கீழ்க்காது வரையுள்ள நீளத்தை அளக்கவேண்டும். அது மணிக்கட்டின் மேற்பரப்பு அகலத்தைத் தாண்டினால் காதுகள் இருபுறமும் அந்தரத்தில் நிற்கும். அப்படிப்பட்டது கதவுநிலையிலும் கரும்பலகையிலும் வண்டிப் பிடியிலும் இடிபடும். இடிபடுவது பெரும்பாலும் குமிழ். குமிழ் இடிபட்டாற் தண்டு வளையும். தண்டு வளைந்தால் அங்கிருக்கும் வாசர் ஒருபுறமாய்த் தேயும். பெரிய மணிக்கூடு சிறிய கையில் நீருக்கு வழிவிடுவது இவ்வாறு. ஒல்லியான கையினர் 40 மில்லிமீற்றருக்கு மேற் செல்லாதிருப்பதே என் கருத்து.

உடல் முழுதும் உருக்காலானதாக இருக்கட்டும். முலாம் பூசிய மட்ட உலோகத்தை எம் வியர்வை தின்றுவிடும். குமிழ் திருகி இறுகுவதாகவும், எண் 10 பாருக்குக் குறையாமலும் இருக்கட்டும். 10 பார் வேண்டுவது நாம் 100 மீற்றர் ஆழம் போவோம் என்பதற்காகவன்று. வாசர் பாதி தளர்ந்த காலத்தும் மழைக்கும் குளிப்புக்கும் போதிய மிச்சம் இருக்கவேண்டும் என்பதற்காக. மூழ்குவோர்க்கென்று தனி விதிப்படி செய்தவற்றில் ஒவ்வொன்றும், எழுதிய எண்ணுக்கு நாலிலொரு பங்கு மேலான அழுத்தத்திற் சோதிக்கப்படுகிறது. ஏனையவற்றில் மாதிரிக்குச் சிலவற்றைச் சோதித்தாற் போதும் என்பது விதி. விலை வேறுபாட்டுக்கு இதுவும் ஒரு காரணம். தோல் வார் எம் வெயிலுக்கு ஆகாது.

நேரம் ஒன்றே வேண்டுவோர் பற்றரியில் ஓடும் குவாட்ஸ் மணிக்கூட்டை வாங்குக. அது மலிவு, தவறாது. பொறிமுறை மணிக்கூடு நாளொன்றுக்குச் சில விநாடிகள் முன்பின்னாகும். அடியும் காந்தமும் அதற்குப் பகை. அப்படியிருந்தும் யான் அதனையே கட்டுகிறேன். திறந்து, கழற்றி, கழுவி, மறுபடி பூட்டத்தக்க ஒரு பொருளை மகனுக்குக் கொடுக்கலாம். ஆனால் அப்படிக் கொடுக்கும்போது வாசரின் வரலாற்றையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும்.

மூடி திறக்குந்தோறும் வாசரை மாற்றும்படி கேளுங்கள். மாற்றியபின் அழுத்தச் சோதனை செய்யும்படியும் கேளுங்கள். நீரில் இட வேண்டியதில்லை. காற்றழுத்தத்தால் உடல் எவ்வளவு நெகிழ்கிறது என்று அளந்து ஒழுக்கைக் காட்டும் பொறி உண்டு. இல்லை என்பவர் எண்ணெயிடட்டும். நீரைப் பற்றி வாக்குறுதி தர வேண்டாம். அடிக்கடி நீரில் இறங்குவோர் ஆண்டுக்கொருமுறை சோதிப்பித்தல் நன்று. கடலாடினால் நன்னீரில் அலசுக. குமிழ் இறுகியிருப்பதைப் பார்த்தே அலசுக. கண்ணாடியில் ஆவி கண்டால் அரிசிப் பானையிற் புதைப்பதும் வெயிலில் வைப்பதும் மருந்தல்ல. ஆவி கண்ணுக்கு மறையும். ஈரமும் உப்பும் உள்ளே இருக்கும். அன்றைக்கே திறப்பிக்க வேண்டும்.

மாணவர் கேட்ட கேள்வி இன்னும் நிற்கிறது. தமிழில் எப்படிச் சொல்வது? ‘நீர்தாங்கி’ என்றால் எம் நாட்டாருக்குக் கூரைமேல் நிற்கும் தொட்டி நினைவுக்கு வரும். ‘தடு மணிக்கூடு’ என வினைத்தொகையாக்கினால், அதுவும் முக்காலத்தையுங் கரந்து நிற்கும். பழைய பொய்யே புதிய உடுப்பில் வரும். தொழிற்பெயர் காலங் காட்டாது. ஆதலின் ‘நீர்த்தடுப்பு’ என்று பெயரிட்டு, எண்ணையும் சோதித்த ஆண்டையும் உடன் எழுதலாம் என்பது என் துணிபு: ‘நீர்த்தடுப்பு, 10 பார், 2024’ என்றவாறு. காலத்தைச் சொல் காட்டாவிட்டால் இலக்கம் காட்டட்டும். இதனினும் தக்க சொல் கண்ட அறிஞர் இப்பகுதிக்கு எழுதுவாராக.