தலைவரே பேசினால் திட்டம் யாருடையது?

தெப்ராவில் நம்மவர் சேர்ந்து நடத்துவது வேன் சேவையோ, கேட்டரிங்கோ, சிறு கூட்டுறவோ, எதுவாகவும் இருக்கட்டும். "அடுத்த ஆண்டு என்ன செய்யலாம்?" என்று கூட்டம் போட்டால் என்ன நடக்கிறது? தலைவரே நடத்துகிறார், தலைவரே யோசனை சொல்கிறார், தலைவரே முடித்தும் வைக்கிறார். ஷிப்ட் முடிந்து வந்த அண்ணன் கொட்டாவி விடுகிறார். கணக்கு எழுதும் அக்கா வாயே திறப்பதில்லை. யார் யார் பாக்கி வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்குத்தானே தெரியும்!

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரத் தொழிலாளர்கள் 10 வெள்ளி, 10 வெள்ளியாகப் போட்ட பணம் அது. பணம் போட்டவருக்குப் பேசவும் உரிமை உண்டு.

அதனால்தான் சொல்கிறேன்: திட்டக் கூட்டத்தை (ஆண்டுப் பொதுக்கூட்டத்தைச் சொல்லவில்லை) வெளியாள் ஒருவர் நடத்தட்டும். பங்கும் ஓட்டும் இல்லாதவர். கோலாலம்பூர் ஆலோசகர் வேண்டாம். பக்கத்துத் தாமானில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் போதும். பெட்ரோல் காசு கொடுங்கள். முன்கூட்டியே நாலு பேரிடம் தனியாகப் பேசிவிட்டு வரச் சொல்லுங்கள். அக்கா முதலில் பேசட்டும், தலைவர் கடைசியில். முடிவு மட்டும் உங்களுடையது. வந்தவர் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தால் மறுமுறை கூப்பிடாதீர்கள்.

தலைவர் கோபித்துக்கொள்வாரே என்கிறீர்களா? அவரையே போய் அந்த ஆசிரியரை அழைத்து வரச் சொல்லுங்கள்.